அச்சா, கத்தியா: கார்ட்ஸ்டாக்கைப் பிசிறில்லாமல் வெட்ட எது கைகொடுக்கும்?

அழைப்பிதழ், வாழ்த்து அட்டை செய்யும் தடித்த தாள்தான் கார்ட்ஸ்டாக். அப்படி ஒரே தாளிலிருந்து இரண்டு வண்ணத்துப்பூச்சிகளை வெட்டினேன். ஒன்று, கைப்பிடி சுற்றும் மெஷினில் எஃகு டை, அதாவது வெட்டவேண்டிய வடிவிலேயே கூர்விளிம்பு உள்ள அச்சு, வைத்து அழுத்தியது. மற்றது, கம்ப்யூட்டரோடு இணைந்த மெஷினில் பிளேடு ஓடி வெட்டியது. மேஜையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. விளிம்பைத் தடவியபோது வித்தியாசம் தெரிந்தது. டை வெட்டியதன் ஓரம் மெல்லச் சரிந்து வழவழவென்று இருந்தது. பிளேடு வெட்டியதன் ஓரம் செங்குத்தாக நின்றது. உணர்கொம்பின் நுனியில் மட்டும் ஒரே ஒரு நார்ப் பிசிறு. அந்தப் பிசிறு ஏன் அங்கே வந்தது என்று புரிந்துவிட்டால், எந்த வேலைக்கு எந்த மெஷின் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கைப்பிடி மெஷினைப் பார்க்காதவர்கள் கரும்புச்சாறு பிழியும் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். சிசிக்ஸ் பிக் ஷாட் போன்றவற்றில் இரண்டு உருளைகளுக்கு நடுவே ஓர் அடுக்கு போகும்: அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் வெட்டுமுனை மேலே பார்த்தபடி டை, அதன்மேல் தாள், எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு தட்டு. கைப்பிடியைச் சுற்றினால் உருளைகள் நசுக்கும், டையின் கூர்விளிம்பு தாளுக்குள் இறங்கும். பக்கவாட்டில் இழுப்பதே கிடையாது. நாரை இழுக்காத இடத்தில் பிசிறு எப்படி வரும்? இந்த முறையின் பலமே அதுதான்.

டைகளிலும் இரண்டு வகை உண்டு. மெல்லிய தகடு போன்றவை நுணுக்கமான இலை, லேஸ் வேலைக்கு. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு தாள்தான். தடிமனானவற்றில் எஃகுப் பட்டையை வடிவத்துக்கேற்ப வளைத்துப் பதித்து, சுற்றிலும் ஃபோம் வைத்திருப்பார்கள். சிவகாசி அச்சகங்களில் அழைப்பிதழ், அட்டைப்பெட்டி வெட்டப் பயன்படும் டையும் இதே தத்துவம்தான். இதில் பல தாள்களை அடுக்கி ஒரே சுற்றில் வெட்டலாம், ஆனால் நுணுக்கம் குறைவு.

டை மெஷினின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் தட்டில் வெட்டுக்கோடு விழுந்துகொண்டே போகும், நாளடைவில் தட்டு வளையும். பள்ளம் விழுந்த இடத்தில் அழுத்தம் குறையும், அங்கே மட்டும் தாள் வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிய்த்து எடுத்தால் அதுவும் பிசிறுதான். தட்டை ஒவ்வொரு முறையும் திருப்பிப் போடுங்கள், டையை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். அப்படியும் ஒரு மூலை வெட்டுப்படவில்லை என்றால் சாதாரண வெள்ளைத்தாள் ஒன்றை அடுக்கில் சேர்த்தாலே போதும். இரண்டு மூன்று சேர்த்துத் திணித்தால் தட்டுதான் உடையும். சதுர, செவ்வக டைகளைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். நேராக வைத்தால் ஒரு முழு விளிம்பும் ஒரே நொடியில் உருளையைச் சந்திக்கிறது, கைப்பிடி அங்கேயே மக்கர் செய்யும். நுணுக்கமான டையில் தாள் சிக்கிக்கொண்டால், இடையில் ஒரு மெழுகுத்தாள் வைத்தால் சுலபமாகக் கழன்று வரும்.

இப்போது கத்திக்கு வருவோம். கிரிகட், சில்லவுட் கேமியோ, பிரதர் ஸ்கேன்என்கட் என்று பெயர்கள் வேறானாலும் அடிப்படை ஒன்றே. பிளேடைத் திருப்புவதற்கென்று தனி மோட்டார் இல்லை. சூட்கேஸின் சுழலும் சக்கரம் போல, இழுக்கிற திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறது; வெட்டும் நுனி, சுழலும் அச்சுக்குச் சற்று விலகி இருப்பதால் இது நடக்கிறது. நேர்கோட்டிலும் பெரிய வளைவிலும் பிரச்சினை இல்லை. கூர்மூலை வரும்போதுதான் சிக்கல். தாளுக்குள் புதைந்திருக்கும் பிளேடு அந்த இடத்திலேயே சுழல வேண்டும். தாள் தடிமனாக இருந்தால் சுழல விடாது, நாரைப் பிய்த்துக்கொண்டுதான் திரும்பும். என் வண்ணத்துப்பூச்சியின் கொம்பில் நடந்தது அதுதான்.

அதனால் பிளேடு முனையின் கோணம் முக்கியம். வழக்கமான பிளேடு 45 டிகிரி. தடித்த தாளுக்கென்று விற்கும் 60 டிகிரி பிளேடு அதைவிடச் செங்குத்தாக இறங்குவதால், ஆழமாகப் போனாலும் தாளுக்குள் நீளவாக்கில் பிடிக்கும் இடம் குறைவு; மூலையில் சுலபமாகத் திரும்பும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் கூர்மூலைகள் நிறைய இருந்தால் நான் யோசிக்காமல் 60 டிகிரியைத்தான் மாட்டுவேன்.

கிரிகட்டா, கேமியோவா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். கார்ட்ஸ்டாக் மட்டும்தான் வேலை என்றால் அந்தக் கேள்விக்கு இவ்வளவு கனம் தேவையில்லை. 2017-இல் வந்த கிரிகட் மேக்கர் 4 கிலோ வரை அழுத்தும், தன் எக்ஸ்ப்ளோர் வரிசை மெஷின்களைவிடப் பத்து மடங்கு என்று அந்த நிறுவனம் சொல்கிறது. ஆனால் சாதாரண கார்ட்ஸ்டாக்கை மேக்கரும் எக்ஸ்ப்ளோரும் வெட்டுவது அதே ஃபைன் பாயிண்ட் பிளேடால்தான். கூடுதல் பலம் மெல்லிய மரத்தகட்டுக்கும் தடித்த அட்டைக்கும் உதவும், 216 ஜிஎஸ்எம் தாளுக்கு அல்ல. கேமியோவில் எனக்குப் பிடித்தது, அதன் மென்பொருளில் கோடு முடியும் இடத்தைத் தாண்டிச் சற்று அதிகமாக வெட்டச் சொல்லும் வசதி. மூலையில் பிளேடு சுழலாமல், கோட்டை முடித்து வெளியே வந்து மறுபடி இறங்குகிறது. கூர்மூலைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. கிரிகட்டில் எனக்குப் பிடித்தது, வெட்டு முடிந்ததும் மேட்டை (தாளை ஒட்டி மெஷினுக்குள் விடும் பிசின் விரிப்பு) வெளியே எடுக்காமலே தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கலாம். வெட்டுப்படவில்லை என்றால் மீண்டும் பட்டனை அழுத்தினால் அதே கோட்டில் இன்னொரு முறை ஓடும். அவசரப்பட்டு மேட்டை எடுத்துவிட்டால் அந்த வாய்ப்பு போச்சு.

ஸ்கேன்என்கட்டின் சிறப்பு உள்ளேயே இருக்கும் ஸ்கேனர். கையால் வரைந்ததை அப்படியே வெட்டக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு அது நல்ல தேர்வு.

சரி, மெஷினை விடுங்கள். என் அனுபவத்தில் பிசிறுக்கு முதல் காரணம் தாள். கடையில் அட்டையைத் தொட்டுப் பார்த்துக் கனமாக இருந்தால் நல்லது என்று நினைப்பது தவறு. மறுசுழற்சித் தாளில் நார்கள் குட்டையாகிவிடும், விளிம்பில் உதிரும். துணிபோல வரிவரியாக இருக்கும் தாள் மேட்டில் முழுதாக ஒட்டாது. ஒட்டாத இடத்தில் பிளேடு அதைத் தூக்கி இழுக்கும். மினுமினுப்புத் தூள் பூசிய தாள் பிளேடை மழுங்கடிக்கும், அதற்கென்று பழைய பிளேடு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். மேலே நிறம், உள்ளே வெள்ளை என்று வரும் தாளில் எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் வெள்ளைக் கோடு தெரியும், அது பிசிறு போலவே கண்ணை உறுத்தும். உள்ளேயும் ஒரே நிறமான, வழவழப்பான தாளைத் தேடி வாங்குங்கள்.

எடையில் ஏமாறவும் இடம் இருக்கிறது. அமெரிக்க பாக்கெட்டுகளில் பவுண்டுக் கணக்கும், கவர், இண்டெக்ஸ் என்று தாளின் வகையும் போட்டிருப்பார்கள். 65 பவுண்டு கவர் என்பது ஏறக்குறைய 176 ஜிஎஸ்எம், 80 பவுண்டு கவர் 216. ஆனால் 110 பவுண்டு கவர் 298 ஜிஎஸ்எம், 110 பவுண்டு இண்டெக்ஸ் 199தான். எண் ஒன்று, தடிமன் வேறு. இதைக் கவனிக்காமல் மெஷினில் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், ஒன்று பாதி வெட்டுப்படும், அல்லது மேட்டையே கீறும்.

அப்புறம் மழை. போன நவம்பரில் ஒரு வளைகாப்புக்கு அறுபது பெயர் அட்டைகள் வெட்ட வேண்டியிருந்தது. சென்னையில் வாரம் முழுக்க ஈரக்காற்று. வழக்கமாக நன்றாக வெட்டுப்படும் அதே தாளில் ஒவ்வொரு எழுத்தும் பஞ்சுபோல வந்தது. பிளேடு மாற்றினேன், மேட் மாற்றினேன், பலனில்லை. ஈரம் குடித்த நார் ஊறி மெத்தென்று ஆகிவிடும், வெட்டுப்படாமல் பிளேடோடு போகும் என்பது அப்புறம்தான் உறைத்தது. தாளை ஒரு ராத்திரி ஏசி அறையில் பரப்பி வைத்து, காலையில் அதே அமைப்பில் வெட்டினேன். அறுபதும் சுத்தமாக வந்தன. அன்றிலிருந்து தாள்கள் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கின்றன. டையில் வெட்டினாலும் ஈரத்தாள் நசுங்கத்தான் செய்யும், ஆனால் கத்தி அளவுக்குக் காட்டிக்கொடுக்காது.

கத்தி மெஷின்காரர்கள் செய்யும் இன்னொரு தவறு, வெட்டிய பிறகு மேட்டிலிருந்து தாளை உரிப்பது. தாள் சுருளும், மெல்லிய இடங்கள் கிழியும். மேட்டைக் கவிழ்த்துப் போட்டு, தாளைத் தரையோடு அழுத்திப் பிடித்து, மேட்டை வளைத்து உரியுங்கள். கிரிகட்டில் நீல மேட் கம்மிப் பிசின், பச்சை நடுத்தரம், ஊதா அதிகம். 200 ஜிஎஸ்எம் சுற்றுவட்டாரத்துக்குப் பச்சை போதும். பிளேடு நுனியில் தாள்தூள் ஒட்டியிருந்தால் அலுமினியத் தாளை உருண்டையாகக் கசக்கி அதில் பத்துப் பதினைந்து முறை குத்தி எடுங்கள், தூள் போய்விடும்.

லேசர் கட்டிங் கடைகளையும் சிலர் சொல்கிறார்கள். துல்லியம் அபாரம்தான், ஆனால் தாளின் ஓரம் பழுப்பாகக் கருகும். வெள்ளை அட்டையில் அது எனக்கு ஒத்துவரவில்லை.

அப்படியென்றால் எதை வாங்குவது? ஒரே பூ நூறு, ஒரே டேக் இருநூறு என்று வெட்டுகிறவர்கள் கைப்பிடி மெஷின் வாங்குங்கள். கரண்ட் வேண்டாம், சுத்தத்தில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு டை வாங்கியாக வேண்டும். தமிழில் பெயர் வெட்ட நினைக்கிறவர்களுக்கு அங்கேயே கதவு மூடிவிடுகிறது. நான் தேடிய கடைகளில் ஆங்கில எழுத்து டைகள் குவிந்து கிடந்தன, தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தமிழுக்குக் கத்திதான்.

தமிழ் எழுத்து கத்திக்குக் கடுமையான சோதனையும்கூட. 'ண', 'ணை', 'ஞ' எல்லாம் சுழிகள். எழுத்தின் உயரம் 2 செ.மீ.க்குக் கீழே போனால் சுழிக்குள் பிளேடு திரும்ப இடமே இருக்காது. தடித்த, சுழி திறந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், வேகத்தைக் குறையுங்கள், ஒரே முறை பலமாக வெட்டாமல் லேசாக இரண்டு முறை ஓடவிடுங்கள். கேக் மேல் குத்தும் பெயராக இருந்தால் மெய்யெழுத்தின் புள்ளி தனியாகக் கழன்று விழும். கம்ப்யூட்டரிலேயே புள்ளியைக் கொஞ்சம் கீழிறக்கி எழுத்தின் தலையோடு ஒட்டவைத்துவிட்டு வெட்டக் கொடுங்கள்.