ப்ரூக்ஃபீல்டு ஆர்.வி. விஸ்காமீட்டர்: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

பெயின்ட், பசை, ஷாம்பு, தோலுக்குப் பூசும் ஃபினிஷ் எல்லாம் கூழ்மக் (நுண்துகள்கள் திரவத்தில் பரவி நிற்கும் கலவை) குடும்பத்தைச் சேர்ந்தவை. அம்பத்தூரிலோ கிண்டியிலோ இவற்றைத் தயாரிப்பவர்களுக்கு "கெட்டியா இருக்கு, தண்ணியா இருக்கு" என்ற பேச்சு போதாது, எண் வேண்டும். திரவத்தின் பாகுநிலையை, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் தன்மையை, அளக்கும் இந்த விஸ்காமீட்டர் அந்த எண்ணுக்குத் தாராளமாகப் போதும். கூழ்ம ஆராய்ச்சிக்கு வாங்குவதாக இருந்தால் நில்லுங்கள்.

மோட்டார் ஒரு ஸ்பிரிங் வழியாக, திரவத்தில் இறக்கும் சுழல்பகுதியான ஸ்பிண்டிலைச் சுற்றுகிறது. திரவம் எதிர்க்கும் அளவுக்கு ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும்; திரையில் வரும் டார்க் (முறுக்குவிசை) சதவீதம் அதுதான். துல்லியம் ±1 சதவீதம் என்று அட்டையில் போட்டிருப்பது முழு அளவில் 1 சதவீதம், நீங்கள் பார்க்கும் எண்ணில் அல்ல. 3-ஆம் ஸ்பிண்டில், 20 ஆர்.பி.எம். என்றால் முழு அளவு, அதாவது டார்க் 100-இல் வரும் எண், 5000 சென்டிபாய்ஸ் (பாகுநிலையின் அலகு), பிழை ±50. டார்க் 80-இல் நின்றால் 4000-க்கு 50, கவலையில்லை. டார்க் 10-இல் நின்றால் 500-க்கும் அதே 50. பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. 10-க்குக் கீழே வந்தால் ஸ்பிண்டிலையோ வேகத்தையோ மாற்றுங்கள், அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதாதீர்கள்.

கருவியைப் போட்டவுடன் குமிழி பார்த்து மட்டம் வையுங்கள். கருவி தானே பூஜ்யத்தைச் சரிசெய்துகொள்ளும் ஆட்டோ ஸீரோ முடியும்வரை ஸ்பிண்டில் மாட்டக் கூடாது. மாட்டும்போது தண்டை விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்து இடப்பக்கமாகத் திருகுங்கள், மரை இடக்கை மரை. வழக்கப்படி வலப்பக்கம் முறுக்கினாலோ பக்கவாட்டில் இடித்தாலோ உள்ளே இருக்கும் கூர்முனையும் ரத்தினத் தாங்கியும் அடிவாங்கும். இந்தக் கருவியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வட்டத்தட்டு ஸ்பிண்டிலைச் சாய்வாக இறக்குங்கள். நேராக இறக்கினால் அடியில் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டு எண் குறையும். பீக்கர் 600 மி.லி.தான். 1, 2-ஆம் ஸ்பிண்டில்களுக்கு, அவற்றைச் சுற்றி நிற்கும் காப்புக்காலையும் மாட்டுங்கள்.

பெயின்ட் போன்றவை சுற்றச் சுற்ற இளகும், விட்டால் மறுபடி இறுகும். கலக்கியவுடன் அளந்தால் ஓர் எண், அரை மணி விட்டு அளந்தால் வேறு எண். ஸ்பிண்டில், வேகம், வெப்பநிலை, எத்தனையாவது நொடியில் படித்தது என்ற நான்கும் இல்லாத எண்ணை வாடிக்கையாளருக்கு அனுப்பினால் சண்டைதான் வரும்.

வெப்பநிலைதான் சென்னையில் பெரிய தலைவலி. தண்ணீரின் பாகுநிலையே 20 டிகிரியில் 1.00, 30 டிகிரியில் 0.80 சென்டிபாய்ஸ், டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம். சோதனை முறைகள் பெரும்பாலும் 25 டிகிரி கேட்கும். சூடாக்க மட்டும் தெரிந்த வாட்டர் பாத் வாங்கினால், மே மாதத்தில் தொட்டித் தண்ணீரே 25-ஐத் தாண்டியிருக்கும்போது அது என்ன செய்யும்? குளிரூட்டும் சர்குலேட்டருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். ஏசியை மட்டும் நம்பினால் அறை குளிரும், பீக்கரின் நடுப்பகுதி குளிர நெடுநேரமாகும்.

இனி ஆராய்ச்சி. ஐன்ஸ்டைன் 1906-இல் வெளியிட்டு 1911-இல் திருத்திய சூத்திரப்படி, நீர்த்த கலவையில் கோளத் துகள்கள் கன அளவில் 1 சதவீதம் இருந்தால் பாகுநிலை 2.5 சதவீதம் கூடும். ஆர்.வி. மாடலில் 1-ஆம் ஸ்பிண்டிலை 100 ஆர்.பி.எம்.-இல் ஓட்டினாலும் முழு அளவு 100 சென்டிபாய்ஸ், பிழை ±1. தண்ணீரின் மொத்தப் பாகுநிலையே அவ்வளவுதானே! இந்த வேலைக்குக் கல்லூரி ஆய்வகத்தில் தூசி படிந்து கிடக்கும், திரவம் வழியும் நேரத்தைக் கொண்டு பாகுநிலை சொல்லும் ஆஸ்ட்வால்ட் கண்ணாடிக் குழாய் எவ்வளவோ மேல். வட்டத்தட்டைச் சுற்றி ஷியர் வேகம் (திரவ அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் வேகம்) இடத்துக்கு இடம் மாறுவதால், அந்த வேகத்துக்கேற்ப எதிர்ப்பு எப்படி மாறுகிறது என்று காட்டும் பாய்வு வளைகோடும் ஒழுங்காக வராது. ஜெல் எந்த அழுத்தத்தில் உடைகிறது, எவ்வளவு மீள்கிறது என்பதற்கெல்லாம் மாதிரியை முன்னும் பின்னும் அசைத்து அலைவுச் சோதனை செய்யும் ரியோமீட்டர்தான் வேண்டும். அது வேறு விலை, வேறு உலகம்.

பழைய கருவி வாங்குவோர் பெட்டியின் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். ஸ்பிண்டிலை மாட்டி, சற்றே திருப்பி விடுங்கள். தங்குதடையின்றி பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு 25 டிகிரியில் பாகுநிலை 1000 சென்டிபாய்ஸ் என்று சான்றளித்த சிலிகான் தரத் திரவத்தை 3-ஆம் ஸ்பிண்டில், 50 ஆர்.பி.எம்.-இல் அளக்கச் சொல்லுங்கள். முழு அளவு 2000 என்பதால் கருவிக்கு ±20, திரவத்துக்கு ±10. 970-க்கும் 1030-க்கும் இடையே வராவிட்டால், பழுதுபார்க்கும் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.