கட்டில் கால்களுக்கு அடியில் வைக்கும் பூச்சிப்பொறிக் கிண்ணங்கள்: இரண்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சென்னையில் புதிய வாடகை வீட்டுக்குக் குடிவந்த மூன்றாவது வாரம், காலையில் எழுந்தபோது என் இடது முழங்கைக்குக் கீழே நான்கு தடிப்புகள் ஒரே வரிசையில் இருந்தன. அடுத்த பத்து நாட்களில் அவை தோளுக்கும் பின்கழுத்துக்கும் பரவின. அதே கட்டிலில் படுக்கும் என் மனைவிக்கு ஒரு தடிப்புகூட வரவில்லை. அதனால் இது பூச்சிக்கடியே இல்லை, உணவு ஒவ்வாமைதான் என்று நாங்கள் சில நாட்கள் நம்பினோம். மூட்டைப்பூச்சி கடித்தாலும் சிலருடைய தோலில் எந்த அடையாளமும் தெரியாது என்பதும், சிலருக்குத் தடிப்பு பல நாட்கள் கழித்தே தோன்றும் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது.

தோல் மருத்துவர் விரலிடுக்குகளையும் மணிக்கட்டையும் இடுப்பையும் பார்த்துவிட்டுச் சிரங்கு இல்லை என்றார். தடிப்பை மட்டும் வைத்து எந்தப் பூச்சி என்று சொல்ல முடியாது என்றும் அவர் நேர்மையாகச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். கொசுவலை கட்டியும் கடி நிற்கவில்லை. ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னால் புறாக்கூடு ஒன்று இருந்ததால், கோழிச்செல் போன்ற நுண்பூச்சி அதிலிருந்து உள்ளே வருகிறதோ என்ற ஐயமும் எழுந்தது. பூச்சிமருந்து அடிக்கும் நிறுவனம் ஒன்றைத் தொலைபேசியில் அழைத்தபோது, வீட்டைப் பார்க்காமலேயே, "எந்தப் பூச்சியா இருந்தாலும் ஒரே மருந்துதான் சார், நாளைக்கே ஆள் அனுப்புறேன்" என்று விலை சொன்னார்கள். குழந்தை தூங்கும் அறையில், எதற்கென்றே தெரியாமல் மருந்தடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கடிப்பது எது, அது எங்கிருந்து வருகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் முதலில் விடை வேண்டும் என்பதற்காகவே இந்தக் கிண்ணங்களை வாங்கினேன்.

இணையக் கடைகளில் இவை 'பெட் பக் இன்டர்செப்டர்' (மூட்டைப்பூச்சியை இடைமறிப்பது) என்ற பெயரில் கிடைக்கின்றன; நான் வாங்கியது நான்கு கிண்ணங்கள் கொண்ட தொகுப்பு. ஒவ்வொன்றும் கறுப்பு நிறப் பிளாஸ்டிக்கால் ஆன இரட்டை வட்டக் கிண்ணம். கட்டில் கால் நடுவில் நிற்கும். அதைச் சுற்றி உள்வட்டப் பள்ளம், அதற்கு வெளியே இன்னொரு பள்ளம். வெளிச்சுவரின் புறப்பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் தரையிலிருந்து வரும் பூச்சி எளிதாக ஏறும்; ஏறியபின் வழவழப்பான வெளிப்பள்ளத்தில் விழுந்துவிடும். கட்டிலிலிருந்து இறங்கும் பூச்சி உள்பள்ளத்தில் விழும். எந்தப் பள்ளத்தில் பூச்சி கிடக்கிறது என்பதே அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிவிடுகிறது. எறும்பு ஏறாமலிருக்க உணவு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த இரட்டை வட்டம் பழைய ஏற்பாட்டில் கிடையாது. நான் கொடுத்த பணம் இந்தப் பாகுபாட்டுக்குத்தான்.

முதல் ஆறு நாட்கள் கிண்ணங்களில் ஒன்றுமே விழவில்லை. கடி மட்டும் தொடர்ந்தது. காரணத்தைத் தேடிப் படித்தபோது இரண்டு தவறுகள் புரிந்தன. முதலாவது என்னுடையது: கொசுவலையின் ஓரம் தரையில் புரண்டுகொண்டிருந்தது, கட்டிலின் தலைமாடு சுவரை ஒட்டியிருந்தது. கிண்ணத்தைத் தவிர வேறு எந்த வழியாகவும் கட்டிலுக்கு ஏற முடியாத நிலை இருந்தால்தான் இந்தப் பொறிக்குப் பொருளுண்டு. இரண்டாவது தவறு விற்பவருடையது. இத்தகைய கிண்ணங்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் பரவலாக உள்ள 'சைமெக்ஸ் லெக்டுலேரியஸ்' என்னும் மூட்டைப்பூச்சி இனத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் ஊர் வெப்பத்தில் மிகுதியாகக் காணப்படுவது 'சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ்' என்னும் வெப்பமண்டல இனம். அதன் கால்களில் பற்றிக்கொள்ளும் நுண்மயிர்கள் அதிகம் என்பதையும், வழவழப்பான பொறிச்சுவரிலும் அது ஏறித் தப்பிவிடும் என்பதையும் 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. இந்தியாவில் விற்கும் ஒரு பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை, ஏனென்றால் காலியான கிண்ணத்தைப் பார்த்து வீட்டில் மூட்டைப்பூச்சி இல்லை என்று ஒருவர் நிம்மதியடைந்துவிடக்கூடும்.

கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளினேன். வலையையும் போர்வையையும் மெத்தைக்கு அடியில் செருகினேன். பள்ளங்களின் சுவரில் சாதாரண முகப்பவுடரை விரலால் மெல்லியதாகத் தேய்த்தேன். பூச்சியின் பிடி வழுக்குவதற்கு அவ்வளவு போதும், ஆனால் பவுடர் உதிர்ந்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை, சாளரப்பக்கத் தலைமாட்டுக் காலின் வெளிப்பள்ளத்தில் இரண்டு பூச்சிகள் இருந்தன. ஒன்று எள்ளளவு, வைக்கோல் நிறம், வயிற்றுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. மற்றொன்று ஆப்பிள் விதை அளவுக்குத் தட்டையாக, செம்பழுப்பாக, பவுடரில் கால்களை இழுத்து இழுத்துச் சுவரேற முயன்று சறுக்கிக்கொண்டிருந்தது. ஒட்டும் நாடாவில் எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தபோது வயிற்றின் குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. ஐயம் அத்துடன் தீர்ந்தது. அந்த வாரம் முழுவதும் உள்பள்ளங்கள் நான்கும் வெறுமையாகவே இருந்தன. விழுந்தவை எல்லாம் சாளரப்பக்க இரு கால்களின் வெளிப்பள்ளத்தில் மட்டுமே. எனவே கூடு மெத்தையில் இல்லை என்று கருதி, மெத்தையின் ஓரத்தையலை விளக்கு பிடித்து ஒருமுறை சரிபார்த்துவிட்டு, சாளரத்தோரம் கிடந்த பிரம்பு நாற்காலியைக் கவிழ்த்தேன். வீடு மாறியபோது பழைய சாமான் கடையில் வாங்கியது அது. பிரம்பு சுற்றிய மூட்டுகள் ஒவ்வொன்றிலும் மைப்புள்ளி போன்ற எச்சங்களும், உரித்த தோல்களும், கடுகைவிடச் சிறிய வெண்முட்டைகளும் இருந்தன.

நாற்காலியைக் கறுப்புப் பையில் கட்டி அகற்றினோம். துணிகளைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்தோம். வேறொரு பூச்சிமருந்துக்காரர் வீட்டுக்கு வந்து கிண்ணங்களைப் பார்த்தபின், அந்த ஓர் அறையின் சுவர் விரிசல்களுக்கும் சாளரச் சட்டத்துக்கும் மட்டும் மருந்திட்டார். மருந்துக்குத் தப்பிய முட்டைகள் பொரிந்திருக்கும் என்பதால், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கும், காலே இல்லாத பெட்டிக்கட்டில் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கிண்ணங்கள் பயன்படா. என் அம்மாவின் தேக்குக் கட்டிலின் கடைந்த கால்கள் இவற்றுக்குள் நுழையவே இல்லை. வாங்குமுன் காலின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தின் அடி, டைல்ஸ் தரையில் கட்டிலை நகர்த்தியபோது விரிசல் விட்டுவிட்டது. இவை மூட்டைப்பூச்சியை ஒழிக்கும் என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். கண்டறிவதற்கும், மருந்திட்டபின் கண்காணிப்பதற்கும் மட்டும் வாங்கலாம். அந்த அளவில் ஐந்துக்கு நான்கு தருவேன். பவுடர் பற்றிய குறிப்பைப் பெட்டியில் அச்சிட்டிருந்தால் ஐந்தே தந்திருப்பேன்.

கிண்ணங்கள் இன்னும் கட்டில் கால்களின் கீழேயே இருக்கின்றன. கடந்த ஐந்து வாரங்களில் விழுந்தவை மூன்று எறும்புகளும் ஒரு கரப்பான் குஞ்சும்தான்.