குச்சித் தீவனமா, கதவா? ரோபோ கறவையில் மாட்டை வரவழைக்கும் இரண்டு முறைகள்

பால் கறக்கும் ரோபோவை வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது அதன் கை எப்படிக் காம்பைக் கண்டுபிடிக்கிறது, பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள் என்பதைத்தான். தீவனப் பேச்சு கடைசியில் வரும். ஆனால் 1992-ல் நெதர்லாந்துப் பண்ணையில் முதல் ரோபோ இறங்கியதிலிருந்து இன்றுவரை அந்த எந்திரம் காசைத் திருப்பித் தருமா என்பது ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. யாரும் ஓட்டாதபோது, மாடு தானாக அந்தப் பெட்டிக்குள் ஏன் போக வேண்டும்?

மடி கனத்தால் போகும் என்று நினைப்போம். அது போதாது. 1998-ல் வெளிவந்த ஓர் இங்கிலாந்து ஆய்வில் கறவை ஒரு பக்கம், தீவனம் ஒரு பக்கம் என்று வைத்து மாட்டையே தேர்ந்தெடுக்க விட்டார்கள். தீவனத்தின் இழுப்பு கறவையின் இழுப்பைவிட மிக வலுவாக இருந்தது. நம்மூரில் கறக்க உட்காரும் முன் தவிட்டு வாளியை மாட்டின் முன்னால் நகர்த்தி வைப்பவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால்தான் ரோபோ கொட்டகையில் தீவனத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். மக்காச்சோள சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த பசுந்தீவனம்), புல் சைலேஜ், கொஞ்சம் தானியம், புண்ணாக்கு, தாது உப்பு எல்லாம் சேர்ந்த கலவை பொதுத் தீவன வரிசையில் எல்லா மாட்டுக்கும் கிடக்கும். மீதி அடர்தீவனம், அழுத்திச் செய்த சிறு குச்சியாக (பெல்லட்), ரோபோ பெட்டிக்குள் மட்டும் விழும். பொதுக் கலவையை மந்தையின் சராசரிப் பாலுக்கு 5 முதல் 8 கிலோ குறைவாகக் கணக்குப் போடுவது வழக்கம். சராசரி நாளுக்கு 32 கிலோ பால் என்றால் கலவை 25, 26 கிலோ பாலுக்குப் போதுமானதாக இருக்கும். அதற்கு மேல் கறக்கும் மாடு குச்சித் தீவனத்தில் ஈடு செய்துகொள்ள வேண்டும். இதுவரை, மாட்டைத் தீவனத்தால் அழைக்கும் கட்சிக்கும் கதவால் அனுப்பும் கட்சிக்கும் சண்டை இல்லை.

சண்டை கொட்டகையின் உள்ளமைப்பில் தொடங்குகிறது. சுதந்திர நடமாட்டக் கொட்டகையில் மாடு படுக்கைக்கும் தீவன வரிசைக்கும் ரோபோவுக்கும் இஷ்டம்போல் போய்வரும், நடுவில் தடுப்பு கிடையாது. நெதர்லாந்தின் லெலி நிறுவனம் நெடுங்காலமாக இந்த முறையைத்தான் வலியுறுத்துகிறது. வழிநடத்தும் நடமாட்டத்தில் ஒருவழிக் கதவுகளும், கழுத்துப்பட்டையிலுள்ள அடையாளத்தைப் படித்து மாட்டைப் பிரித்துவிடும் கதவுகளும் உண்டு. அதிலும் இரண்டு வகை. ஒன்றில் தீவன வரிசைக்குப் போகும் முன்பே கதவு மறித்து, கறவை நேரம் வந்த மாட்டை ரோபோவுக்குத் திருப்பும். மற்றதில் மாடு முதலில் தின்னும், தின்றுவிட்டுப் படுக்கப் போகும்போது கதவு சோதிக்கும். ஸ்வீடனின் டெலாவல் இந்தக் கதவு முறைகளில் நீண்ட அனுபவம் உள்ள நிறுவனம்.

தீவனக் கணக்கு இங்கேதான் பிரிகிறது. சுதந்திரக் கொட்டகையில் மாட்டை அழைக்கும் வேலை முழுவதும் குச்சித் தீவனத்தின் தலையில் விழுகிறது. அதனால் நாளுக்கு 3 கிலோவிலிருந்து 8 கிலோ வரை பெட்டியில் போடுகிறார்கள். கதவு உள்ள கொட்டகையில் அந்த வேலையைக் கதவு பார்த்துக்கொள்ளும். 1 முதல் 3 கிலோ போதும். குச்சித் தீவனம் ஆலையிலிருந்து விலைக்கு வருவது, சைலேஜ் சொந்த நிலத்தில் விளைவது. 60 மாட்டுக்கு இந்த வித்தியாசத்தை ஆண்டு முழுக்கப் பெருக்கிப் பார்த்தால் கதவுக் கட்சியின் வாதம் எளிதில் விளங்கும்.

ஆனால் பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மாடு நுழைந்ததும் கழுத்துப்பட்டையை எந்திரம் படிக்கிறது. கை மடிக்கு அடியில் நுழைந்து காம்புகளைத் துடைத்து, லேசர் ஒளியில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் குவளையை மாட்டுகிறது. தலைப்பக்கத் தொட்டியில் குச்சித் தீவனம் கொஞ்சம் கொஞ்சமாக விழுகிறது. எல்லாம் முடிய சுமார் 7 நிமிடம். மாடு நிமிடத்துக்கு 300 கிராம் அளவுக்குத்தான் குச்சித் தீவனம் தின்னும், ஆக ஒரு வருகைக்கு 2 கிலோ சொச்சம். இரண்டு முறை மட்டும் வரும் மாட்டுக்குக் கணினியில் 8 கிலோ என்று எழுதி வைத்தால், அதில் பாதிதான் வயிற்றுக்குப் போகும். மீதி தொட்டியில் கிடந்து அடுத்த மாட்டுக்குப் போகிறது, அல்லது விழாமலே கணக்கில் நிற்கிறது. திரையில் தெரியும் 8 கிலோவை நம்பித் தீவனத் திட்டம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

சரி, அதிகம் கொடுத்தால் மாடு அதிகம் வருகிறதா? ஸ்பெயினின் கெட்டலோனியாவில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு சுதந்திர நடமாட்டத்திலேயே இதைச் சோதித்தது. சில மாடுகளுக்கு 3 கிலோ வரையும் சிலவற்றுக்கு 8 கிலோ வரையும் அனுமதித்தார்கள். கறவை எண்ணிக்கையும் கூடவில்லை, பாலும் கூடவில்லை. கூடுதலாகத் தின்ற ஒவ்வொரு கிலோ குச்சித் தீவனத்துக்கும் பொதுக் கலவையில் ஒரு கிலோவுக்கு மேல் குறைத்துக்கொண்டன. கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் கதவு முறையில் அரைக் கிலோவுக்கும் 5 கிலோவுக்கும் இடையே ஒப்பிட்டுப் பார்த்தபோதும் மாடு தானாக வருவது கூடவில்லை, கலவையைத் தின்பதுதான் குறைந்தது.

இது வெறும் செலவுக் கணக்கு இல்லை. நார்ச்சத்துள்ள கலவை குறைந்து, மாவுச்சத்து அதிகமுள்ள குச்சித் தீவனம் ஏறினால் பெருவயிற்றில் அமிலம் கூடும். அசைபோடுவது குறையும், பாலில் கொழுப்பு இறங்கும், நாளாக ஆகக் குளம்பு கெடும். குளம்பு கெட்ட மாடு ரோபோவுக்கு நடக்கத் தயங்கும். வராத மாட்டை வரவழைக்க இன்னும் ஒரு கிலோ கூட்டினால், நோயைக் கொடுத்த மருந்தையே இரட்டிப்பாக்குவது போல் ஆகிவிடும்.

அப்படியானால் கதவே மேல் என்று சொல்லிவிடலாமா? நான் சொல்லமாட்டேன். கதவு மாட்டை அனுப்புகிறது, ஆனால் அனுப்பிய இடத்தில் காத்திருக்க வைக்கிறது. ரோபோவுக்கு முன்னுள்ள அடைப்பில் ஏழெட்டு மாடுகள் நிற்கும்போது தலைமை மாடுகள் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். முதல் ஈற்றுக் கிடாரி மூலையில் ஒதுங்கி நிற்கும். அந்த நேரத்தில் அது தின்னவும் இல்லை, படுக்கவும் இல்லை. அதே கெட்டலோனியக் குழு 2009-ல் இரண்டு நடமாட்டத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. கதவு முறையில் கறவை எண்ணிக்கை கூடியது, பால் கூடவில்லை. மாடுகள் ஒரு நாளில் குறைந்த தடவை, பெரிய பெரிய வேளைகளாகத் தின்றன. சிறுசிறு வேளையாகத் தின்பதுதான் பெருவயிற்றுக்கு நல்லது என்பதால் இந்த முடிவை நான் மிகவும் முக்கியமாகப் பார்க்கிறேன். வட அமெரிக்காவில் சில நூறு லெலி பண்ணைகளின் பதிவுகளை வைத்து 2016-ல் வந்த ஆய்வில் சுதந்திர நடமாட்டப் பண்ணைகள் மாட்டுக்கு நாளொன்றுக்கு 1.1 கிலோ பால் முன்னிலையில் இருந்தன. எல்லாம் ஒரே நிறுவனத்தின் எந்திரங்கள் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

கதவுக்கு நியாயமான இடம் உண்டு. ஒரு ரோபோவுக்கு 60 மாடு, மாட்டுக்கு 2.7 கறவை என்றால் நாளுக்கு 162 வருகை. தலா 7 நிமிடம் வைத்தால் 19 மணி நேரம். கழுவும் நேரம் போக மிச்சம் கொஞ்சம்தான். கறவை நேரம் வராத மாடுகள் குச்சித் தீவன ஆசையில் வந்து வந்து திரும்பினால் அந்த மிச்சமும் போய்விடும். மந்தை நெருக்கமாக இருந்து, ஆள் பற்றாக்குறையும் இருந்து, குச்சித் தீவனம் விலை ஏறிக் கிடக்கும் பண்ணையில் தின்ற பிறகு சோதிக்கும் கதவு பொருத்தமான தேர்வு. தின்னும் முன் மறிக்கும் கதவை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். பசியோடு நிற்கும் மாட்டைக் காக்க வைக்கும் முறை அது.

நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் மேய்ச்சலை நம்பியே ரோபோ ஓட்டுகிறார்கள். அங்கே புதுப் புல்தான் அழைப்பு. ஒரு நாளைக்கு மூன்று மேய்ச்சல் துண்டு ஒதுக்கி, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில் ரோபோவை வைக்கிறார்கள். நிலம் உள்ளவருக்கு மட்டும் ஆகும் காரியம்.

குடும்பமே நடத்தும் ஒன்றிரண்டு ரோபோ பண்ணைக்கு என் தேர்வு சுதந்திர நடமாட்டம், அதிலும் கையைக் கட்டிய குச்சித் தீவனம். சராசரியாக 4 கிலோவைத் தாண்டாமல், நல்ல தரத்தில். அளவைவிடத் தரம்தான் மாட்டை நடக்க வைக்கிறது. டென்மார்க்கில் பல கலவைகளை ஒப்பிட்டதில் பார்லியும் ஓட்ஸும் சேர்ந்த குச்சிக்கு மாடுகள் அதிகம் வந்தன, கொழுப்பு மிகுந்ததும் உலர்ந்த புல்லில் செய்ததும் பின்தங்கின. குச்சி கெட்டியாக இருக்க வேண்டும். தொட்டியடியில் தூள் சேர்ந்தால் மாடு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கிவிடும். ஆலையிலிருந்து வரும் ஒவ்வொரு லோடையும் சல்லடையில் ஒரு கை சலித்துப் பார்ப்பது வீண் வேலை அல்ல. கன்று ஈன்ற மாட்டுக்கு 2 கிலோவில் தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் மெல்ல ஏற்ற வேண்டும்.

காலையில் திரையைத் திறந்ததும் கறவைக்கு வராத மாடுகளின் பட்டியல் நிற்கும். அதைப் பார்த்ததும் குச்சித் தீவனத்தைக் கூட்டும் பொத்தானுக்குக் கை போகும். அதற்கு முன் பட்டியலில் உள்ள மாடுகளை நடக்கவிட்டுக் குளம்பைப் பாருங்கள். பிறகு தீவன வரிசையில் இரவு முழுக்கக் கலவை இருந்ததா, எட்டாமல் சிதறியதை யாராவது மாட்டுக்கு எட்டும்படி தள்ளிவிட்டார்களா என்று பாருங்கள். அடுத்து கலவையின் சத்து. அது சராசரிப் பாலுக்கு நிகராக ஏறியிருந்தால் மாட்டுக்கு ரோபோவிடம் போகவே காரணம் இருக்காது. மழை பெய்து சைலேஜின் ஈரம் மாறிய வாரத்தில் எடையைத் திருத்தாமல் கலந்தாலும் கலவையின் சத்துக் கணக்கு தப்பிவிடும். இவை எல்லாம் சரியாக இருந்து, அப்போதும் மாடு வரவில்லை என்றால் மட்டும் பொத்தானைத் தொடுங்கள். அதுவும் அந்த மாட்டுக்கு மட்டும், அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம்.