ஆங்கிலச் சுருக்கங்களுக்கு விரிவாக்கம் தரும் 'அக்ரோனிம் ஃபைண்டர்': ஒரு மதிப்பீடு

டி.டி.எஸ். என்ற மூன்றெழுத்து, குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் இருந்தால் நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவையும், சம்பளச் சீட்டில் இருந்தால் பணம் கைக்கு வருமுன்பே பிடித்தம் செய்யப்படும் வரியையும், மருந்துச் சீட்டில் இருந்தால் நாளொன்றுக்கு மூன்று வேளை என்பதையும் குறிக்கிறது. இத்தகைய ஆங்கிலச் சுருக்கங்களுக்கு விரிவாக்கம் தேடுவோருக்காக 1997 முதல் இயங்கிவரும் 'அக்ரோனிம் ஃபைண்டர்' இணையதளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. பயன்படுத்தக் கட்டணம் இல்லை. விளம்பரங்கள் உண்டு.

இத்தளத்தின் உண்மையான பலம் அந்த எண்ணிக்கையில் இல்லை. துறை வாரியான பகுப்பில்தான் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பம், இராணுவமும் அரசும், அறிவியலும் மருத்துவமும், வணிகமும் நிதியும் என்று விடைகள் பிரித்துத் தரப்படுவதால், நாம் படித்துக்கொண்டிருக்கும் ஆவணம் எந்தத் துறையைச் சேர்ந்தது என்று தெரிந்தாலே பொருந்தாத விரிவாக்கங்களில் பெரும்பகுதியை ஒதுக்கிவிடலாம். விரிவாக்கத்தில் வரும் ஒரு சொல்லைக் கொடுத்து அதற்குரிய சுருக்கத்தைக் கண்டறியும் தலைகீழ்த் தேடலும் இதில் உண்டு. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது பெரிதும் உதவும்.

விடைகளுக்கு அருகே தரப்படும் நட்சத்திரங்களை மட்டும் நம்பி முடிவெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு விரிவாக்கம் எவ்வளவு பரவலானது என்பதை அவை காட்டலாமே தவிர, நம் கையில் உள்ள தாளுக்கு அது பொருந்துமா என்பதைக் காட்ட இயலாது. பி.டி.ஓ. என்பது நம் ஊர்த் தேர்வுத் தாளின் அடியில் இருந்தால் பக்கத்தைத் திருப்புக என்று பொருள். அமெரிக்க நிறுவனத்தின் பணி நியமனக் கடிதத்தில் அது சம்பளத்துடன் கூடிய விடுப்பு. டிராக்டர் விளம்பரத்திலோ, பின்னால் இணைக்கப்படும் கருவிகளுக்கு எஞ்சினிலிருந்து விசையைக் கொண்டுசெல்லும் தண்டைக் குறிக்கும். மூன்றுமே பரவலானவை, மூன்றுமே சரியானவை.

மருந்துச் சீட்டுக்கு இத்தளம் போதவே போதாது என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நம் மருத்துவர்கள் எழுதும் எஸ்.ஓ.எஸ். என்பது தேவைப்பட்டால் மட்டும் உட்கொள்க என்ற இலத்தீன் தொடரின் சுருக்கம். கப்பல்களின் அபாயச் சமிக்ஞையை மட்டுமே அறிந்தவர்கள் அதைக் கண்டு வீணாக அஞ்சக்கூடும். ஓ.டி. என்பது இந்தியாவில் பொதுவாக நாளொன்றுக்கு ஒரு வேளை என்பதைக் குறித்தாலும், கண் மருத்துவர் எழுதும்போது அது வலது கண்ணைக் குறிக்கும். மருத்துவப் பணியாளர்களே இவ்வகைக் குறிகளைத் தவறாகப் படித்துவிடும் ஆபத்து இருப்பதால்தான், அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் அமைப்பு 2004-இல் எழுதக் கூடாத சுருக்கங்களின் பட்டியல் ஒன்றை வகுத்தது. இன்சுலின் அளவுக்கு யூனிட் என்பதைக் குறிக்க எழுதப்படும் யு என்ற ஒற்றை எழுத்தும் அப்பட்டியலில் இருக்கிறது. அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யமாகவோ நான்காகவோ தோன்றினால் மருந்தின் அளவே மாறிப்போகும். ஆகவே மருந்துச் சீட்டில் ஐயம் வந்தால் மருந்தாளுநரையோ மருத்துவரையோ கேட்டுத் தெளிவதே முறை.

இத்தளத்தின் பெரிய குறை, விரிவாக்கத்தோடு நின்றுவிடுவது. நான்கு ஆங்கிலச் சொற்கள் கிடைத்த பின்னும், அவை குறிக்கும் அமைப்போ கருவியோ என்னவென்று தெரியாமல் வாசகர் நிற்க நேரிடுகிறது. ஒரே பெயரோ சுருக்கமோ குறிக்கும் வெவ்வேறு பொருள்களைப் பட்டியலிடும் விக்கிப்பீடியாவின் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கங்களில் விடைகள் குறைவாக இருந்தாலும், ஒவ்வொன்றிலிருந்தும் முழுக் கட்டுரைக்குச் செல்ல முடிகிறது. ஆகையால் அக்ரோனிம் ஃபைண்டரில் துறையைத் தேர்ந்து விடைகளை இரண்டு மூன்றாகக் குறைத்துக்கொண்டு, பிறகு விக்கிப்பீடியாவில் அவற்றைச் சரிபார்ப்பதே எனக்கு நம்பகமான வழியாகப் படுகிறது. ஒவ்வொரு விரிவாக்கத்தின் கீழும் அச்சுருக்கம் இடம்பெறும் மாதிரி வாக்கியம் ஒன்றை இத்தளத்தார் சேர்த்தால், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் நம் மாணவர்களுக்கு இந்த இரண்டாவது தேடலே பெரும்பாலும் தேவைப்படாது.