அண்ணன் போன மறுவாழ்வு மையம்: நல்லதும் குறையும்

குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிய என் அண்ணனை நீதிமன்றம் ஒரு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பியது. பெயர் சொல்ல விரும்பவில்லை, ஆனால் வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

சேர்த்த அன்று குடிப்பழக்கம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். 10 கேள்வி, 40 மதிப்பெண், 8 வந்தாலே கவனிக்க வேண்டும். அண்ணனுக்கு 23. பேனா பிடித்த கை நடுங்குவதைப் பார்த்த நர்ஸ், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார் என்று உடனே விசாரித்தார். பல வருடம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம், அப்புறம் புத்தி தடுமாறிப் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்தாம். அதனால் 5 நாள் டாக்டர் பார்வையில் மாத்திரை, தயமின் (வைட்டமின் பி1) ஊசி எல்லாம் கொடுத்துத் தேற்றிய பிறகுதான் வகுப்பு. டாக்டர் இல்லாத இடமென்றால் தயவுசெய்து சேர்க்காதீர்கள்.

ஆலோசகர் அம்மாவை மறக்கவே முடியாது. அண்ணன் மாட்டியது காலை 7 மணிக்கு, ராத்திரி குடித்துவிட்டு நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, காபி குடித்துக் கிளம்பியவர், அதனால் தன்மேல் தப்பே இல்லை என்றுதான் சாதித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா திட்டவில்லை, ஒரு தாளை எடுத்து, நள்ளிரவில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.15 சதவீதம் இருந்தால் மணிக்குச் சுமார் 0.015தான் குறையும், காபியோ குளியலோ அதை வேகப்படுத்தாது என்று மணி மணியாக எழுதிக் காட்டினார். காலை 7 மணிக்கு நேரே 0.045 வந்து நின்றது. அண்ணன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாவி அப்போ எங்கங்க இருந்துச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா. அதற்குப் பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்து பேசினார்.

குழு வகுப்பு சுமார்தான். கஞ்சா, தூக்க மாத்திரை போட்டு ஓட்டி மாட்டியவர்களும் அதே அறையில் இருந்தார்கள், பேசியதோ முழுக்கச் சாராயத்தைப் பற்றி மட்டுமே. அந்தப் பையன்களுக்கு அங்கே என்ன கிடைத்தது?

பெரிய வருத்தம், வெளியே வந்த பிறகு. வாராவாரம் போன் செய்வோம் என்றார்கள், இரண்டே தடவைதான் வந்தது. ஆசை திரும்பத் தலைதூக்குவதே அந்த முதல் சில மாதங்களில்தானே! சேர்க்கும்போதே இதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது சாவி அண்ணியிடம் இருக்கிறது, அண்ணனே கொடுத்தார்.