மேஸ்திரியா, இன்ஜினியரா, ஆர்க்கிடெக்ட்டா? வீடு கட்டியவரின் ஒப்பீடு

திருச்சியில் மேற்குப் பார்த்த 30க்கு 50 மனையில், மாடியோடு 1,600 சதுர அடி வீடு கட்டிக் குடிவந்துவிட்டோம். தொடங்கும்போது மூன்று வழிகள் இருந்தன. அனுபவமுள்ள மேஸ்திரியிடம் சதுர அடிக் கணக்கில் விடுவது ஒன்று. பிளானும் போட்டுக் கட்டியும் கொடுக்கும் சிவில் இன்ஜினியரிடம் மொத்தமாக ஒப்படைப்பது இன்னொன்று. கட்டும் வேலையில் பங்கில்லாமல் வரைந்து கொடுத்து மேற்பார்வை மட்டும் பார்க்கும் ஆர்க்கிடெக்ட்டை அமர்த்துவது மூன்றாவது. நாங்கள் மூன்றாவதற்குப் போனோம். இன்னொரு முறை கட்டினாலும் அதையே செய்வேன். அந்தச் சாய்வு இந்த எழுத்தில் இருக்கும்.

மேஸ்திரி வழி மலிவு. இன்ஜினியர் வழியில் அலைச்சல் குறைவு, எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். ஆர்க்கிடெக்ட் வழியில் செலவு கூடும், பூமி பூஜைக்கு முன்பே சில மாதங்கள் வரைபடத்தில் போகும். எங்களிடம் கேட்ட ஃபீஸ் கட்டுமானச் செலவில் 5 சதவீதம். 40 லட்ச ரூபாய் வேலைக்கு 2 லட்சம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. "அந்தக் காசுல நெல, கதவெல்லாம் தேக்குலயே போட்டுரலாமே மாப்ள" என்றார் மாமனார். நியாயமான கேள்வி. அந்த 2 லட்சத்துக்கு என்ன கிடைத்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஆர்க்கிடெக்ட் என்றதும் பலர் நினைப்பது முகப்பின் 3டி படத்தை. என் பார்வையில் அவர் தரும் எல்லாவற்றிலும் மதிப்புக் குறைந்தது அதுதான். மதிப்பு முழுக்க, கட்டுகிறவர்களுக்காக வரையும் விரிவான வேலை வரைபடங்களின் தொகுப்பில் இருக்கிறது. அப்ரூவலுக்குக் கொடுக்கும் பிளான் வேறு, கொத்தனார் கையில் இருக்கவேண்டிய வரைபடம் வேறு. அப்ரூவல் இப்போது பெரிய தலைவலியும் இல்லை. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுவதற்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறும் வசதி 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்துவிட்டது. "அப்ரூவல் வாங்கித் தர்றோம்" என்பதற்காக மட்டும் யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

அப்ரூவல் பிளானில் அறைகளின் அளவும் விடவேண்டிய காலியிடமும் இருக்கும். கட்டில் எங்கே வரும், அதன் தலைமாட்டில் சுவிட்ச் எத்தனை அடி உயரத்தில் என்பது இருக்காது. மாடி பாத்ரூம் குழாய் எந்த வழியாக இறங்கும் என்பதும் இருக்காது. வரைபடத்தில் இல்லாத முடிவை, வேலை நடக்கும் அன்று சைட்டில் இருப்பவர் எடுப்பார். அவர் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனால் எலக்ட்ரீஷியன் அடுத்த மாதம் என்ன செய்யப்போகிறார் என்பது கொத்தனாருக்குத் தெரியாது. பூச்சு முடிந்த சுவரை பைப்புக்காக வெட்டுவதும், அந்தக் கோட்டிலேயே பிறகு விரிசல் ஓடுவதும் இப்படித்தான்.

படிக்கட்டைப் பாருங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்குச் சொல்வது, படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, மிதிபலகை 250க்குக் குறையக்கூடாது. இது எல்லா மேஸ்திரிக்கும் கைப்பழக்கத்தில் தெரியும். தவறுவது வேறிடத்தில். காங்கிரீட் போடும்போது எல்லாப் படியும் சமமாக இருக்கும். பிறகு தரையில் மணலும் கலவையும் டைல்ஸும் சேர்ந்து இரண்டு அங்குலம் ஏறும், படியில் ஒரு அங்குல கிரானைட்தான் ஏறும். முதல் படி குட்டையாகிவிடும். வயதானவர்கள் தடுக்குவது அந்தப் படியில்தான். தரை முடிந்த மட்டத்தையும் குறித்த வரைபடம் இருந்தால் சென்ட்ரிங் (காங்கிரீட்டுக்கான பலகை அச்சு) அடிக்கும்போதே இதைச் சரிக்கட்டிவிடலாம்.

பாத்ரூமும் அப்படியே. எங்கள் வீட்டில் மேல் பாத்ரூம் கீழ் பாத்ரூமுக்கு நேர்மேலே இருக்கிறது, குழாய்களெல்லாம் ஒரே டக்டில், அதாவது குழாய்களுக்கென்றே விட்ட செங்குத்தான இடைவெளியில் இறங்குகின்றன. என்றாவது கசிந்தாலும் ஹால் சீலிங் நனையாது, டக்டின் கதவைத் திறந்து சரிசெய்துவிடலாம். மாடி பாத்ரூம் சமையலறை மேல் அமைந்த வீடுகளில் இதே கசிவுக்கு டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும். பராமரிப்புச் செலவின் பெரும்பகுதி முதல் செங்கல் வைக்குமுன்பே முடிவாகிவிடுகிறது.

கொட்டேஷன் வாங்கும்போதும் இந்த வரைபடத் தொகுப்பு உதவியது. அதற்கு முன் ஒருவர் சதுர அடிக்கு 2,300 சொன்னார், இன்னொருவர் 2,600. முதலாமவர் கணக்கில் சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர் எதுவும் இல்லை. அளவுகளோடு பட்டியல் கொடுத்துக் கேட்டபோது இருவர் தொகையும் கிட்டத்தட்ட நெருங்கி வந்தது. நடுவில் "இது எக்ஸ்ட்ரா" என்ற பேச்சும் குறைந்தது.

பிறகு வெயில். மேற்கு வாசலுக்கு மாலை வெயில் தாழ்வாக நேரே வரும். வழக்கமான ஒன்றரை அடி சன்ஷேடால் அதைத் தடுக்க முடியாது. மேற்கை முழுக்க அடைத்தாலோ ஆடிக் காற்றை இழப்போம். எங்கள் ஆர்க்கிடெக்ட் படிக்கட்டையும் பாத்ரூமையும் மேற்குச் சுவரோரம் வைத்து, படிக்கட்டுச் சுவரில் சுட்ட மண் ஜாலி (துளைகளுள்ள தடுப்பு) போட்டார். வெயில் அதோடு நிற்கிறது, காற்று உள்ளே வருகிறது. வடக்கு ஜன்னல்களுக்கும் சன்ஷேடை நீட்டினார். "வடக்குல ஏது சார் வெயிலு?" என்று மேஸ்திரி கேட்டார். ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை திருச்சியில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. நம்முடைய கடும் கோடையில் பாதி அதற்குள் அடங்கிவிடும்.

இன்ஜினியர் வழியைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அஸ்திவார ஆழமும் தூண்களின் கம்பிக் கணக்கும் அவர்கள் துறை. எங்கள் வீட்டுக்கும் கட்டடத்தின் உறுதியைக் கணக்கிடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தனியாக வரைந்து கொடுத்தார். எனக்குத் தயக்கம் தந்தது "பிளான் இலவசம்" என்ற ஏற்பாடுதான். வரைபவரே கட்டி லாபமும் பார்த்தால், கம்பியும் கலவையும் சரியா என்று நம் சார்பில் கேட்க ஆளில்லை. நேர்மையான இன்ஜினியர் கிடைத்தால் இந்தக் கவலை வேண்டாம். அப்படி அமைந்த வீடுகளும் எங்கள் தெருவிலேயே உண்டு.

நான் கட்டியது ஒரே வீடு. விற்கும்போது இதற்கெல்லாம் விலை கிடைக்குமா என்றால், எனக்கு நம்பிக்கையில்லை. நம் ஊரில் மனைக்குத்தான் விலை பேசுகிறார்கள். உள்ளலங்கார டிசைனர்களை நான் அமர்த்தியதில்லை என்பதால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு அறை கூட்டிக் கட்டவோ சமையல் மேடை மாற்றவோ ஆர்க்கிடெக்ட் தேவையில்லை, நல்ல மேஸ்திரி போதும். சைட்டுக்கே வராத ஆர்க்கிடெக்ட்டை விடவும் நல்ல மேஸ்திரியே மேல்.

அமர்த்துவதானால் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு பெற்றவர் மட்டுமே அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இந்தத் தடை பட்டத்துக்குத்தான், வரையும் வேலைக்கு இல்லை. அதனால் "டிசைனர்", "கன்சல்டன்ட்" என்ற பலகைகளை நீங்கள்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, ஃபீஸ் ஒப்பந்தத்தில் அவர் சைட்டுக்கு வரவேண்டிய கட்டங்களை எழுதி வாங்குங்கள். அஸ்திவாரக் கம்பி, பிளிந்த் பீம் (தரைமட்டத்தில் ஓடும் காங்கிரீட் விட்டம்), ஒவ்வொரு ரூஃப் காங்கிரீட், பூச்சுக்கு முன் பைப் வேலை ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். தவணைகளையும் அதே கட்டங்களோடு பிணைத்துவிடுங்கள்.