வீட்டு ரவுட்டரில் முன்னுரிமை: ‘கேக்’ முறையுடன் நீண்ட நாள் அனுபவம்

எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பில் தரவிறக்கம் நொடிக்கு 50 மெகாபிட், பதிவேற்றம் 10 மெகாபிட். வேகச் சோதனையில் இந்த எண்கள் தவறாமல் வரும். ஆனாலும் ஏதாவதொரு கைப்பேசி வீடியோக்களைக் கூகுள் டிரைவுக்கு ஏற்றத் தொடங்கிவிட்டால், அலுவலகக் கூட்டத்தில் என் குரல் துண்டுதுண்டாகத்தான் போகும். அந்த நேரத்தில் பிங் (ஒரு சிறு தகவல் போய்த் திரும்பும் நேரம்) அரை விநாடியைத் தாண்டிவிடும்.

ரவுட்டருக்கு வெளியே, ஃபைபர் கம்பி வந்து சேரும் இணைப்புப் பெட்டிக்குள் தேங்கும் வரிசைதான் காரணம். வெளியேறும் வேகத்தைவிட அதிகமாகத் தரவு வந்தால் பெட்டி அதைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஒரு மெகாபைட் சேர்ந்தால் போதும், 10 மெகாபிட் வழியில் அது வடிய 0.8 விநாடி ஆகும். குரலைச் சுமக்கும் பாக்கெட்டும் (தரவின் சிறு பொதி) அதன் பின்னால்தான் நிற்க வேண்டும். ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை.

ரவுட்டருடன் வரும் முன்னுரிமைப் பக்கத்தில் மடிக்கணினிக்கு முதலிடம் கொடுத்தும் பயனில்லை. வரிசை ரவுட்டரில் தேங்கினால்தானே ரவுட்டரால் அதை ஒழுங்குபடுத்த முடியும்! போதாக்குறைக்கு, புதிய கைப்பேசிகள் தங்களை அடையாளம் காட்டும் வன்பொருள் முகவரியை மாற்றிக்கொள்ளக்கூடும் என்பதால் முன்னுரிமைப் பட்டியலும் பழசாகிவிடலாம்.

ரவுட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளை ஏற்றி, அதில் வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்கியூஎம் தொகுப்பை நிறுவிய பிறகுதான் நிலைமை மாறியது. அது பயன்படுத்தும் ‘கேக்’ என்ற வரிசை ஒழுங்கு முறை 2018இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் 4.19 பதிப்பில் சேர்ந்தது. ஜொனாதன் மார்ட்டன், டேவ் டாட் உள்ளிட்டோரின் உழைப்பு அது. இந்தத் தேக்கத்துக்கு எதிராகப் பல ஆண்டுகள் ஓயாமல் வாதாடிய டாட் 2025இல் காலமானார். வீட்டிலிருந்து வேலை செய்கிற ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்றே நினைக்கிறேன்.

அமைப்பில் முக்கியமானது வேக வரம்பு. அளந்த வேகத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தைக் கொடுக்க வேண்டும். நான் தரவிறக்கத்துக்கு 45, பதிவேற்றத்துக்கு 9 மெகாபிட் கொடுத்தேன். அந்தப் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுக்கப் பலருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் வரிசையை இணைப்புப் பெட்டியிலிருந்து நம் ரவுட்டருக்கு இழுத்து வருவது அந்த இழப்புதான். ஒவ்வொரு பாக்கெட்டுடனும் வழியில் சேரும் கூடுதல் சுமைக்கு 44 பைட் என்று குறித்தேன். ஒரே கருவி பல இணைப்புகளைத் திறந்து அதிகப் பங்கைப் பறிக்காமலிருக்க, கருவிவாரியாகப் பங்கிடும் தெரிவுகளையும் இயக்கினேன்.

குரல், வீடியோ எனத் தரம் பிரிக்கும் ‘லேயர் கேக்’ அமைப்பையும் சில மாதங்கள் ஓட்டிப் பார்த்தேன். பாக்கெட்டின் தலைப்பில் உள்ள குறியை நம்பித்தான் அது தரம் பிரிக்கிறது. அந்தக் குறி பெரும்பாலும் வழியிலேயே அழிந்துவிடுகிறது அல்லது செயலி அதை இடுவதேயில்லை. எனக்கு வேறுபாடு தெரியவில்லை. எளிய ‘பீஸ் ஆஃப் கேக்’ அமைப்பே போதும். மெல்லிய குரல் ஓட்டத்தை அது தானாகவே முன்னால் விடுகிறது. இப்போது பதிவேற்றம் முழு வீச்சில் நடந்தாலும் பிங் சில மில்லி விநாடிகளே கூடுகிறது.

குறைகளும் உண்டு. எல்லாப் பாக்கெட்டும் ரவுட்டரின் மையச் செயலகத்தை (சிபியு) கடந்து போக வேண்டும், அதைத் தவிர்த்துப் பாக்கெட்டுகளை விரைவாகக் கடத்தும் வன்பொருள் முடுக்கத்தை அணைக்க வேண்டும். அதனால் அதிவேகத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு மலிவான ரவுட்டர் ஈடுகொடுக்காது. திட்டத்தை மாற்றினால் வரம்பையும் மாற்ற வேண்டும். வைஃபை சிக்னல் பலவீனமாக இருக்கும் அறைக்கு இதனால் எந்தப் பலனும் இல்லை.

மென்பொருளை மாற்ற இயலாதவர்கள், தங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் மொத்தப் பதிவேற்ற வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உண்மையான வேகத்தைவிடப் பத்து சதவீதம் குறைத்து வையுங்கள். பெரிய கோப்பு ஒன்றை ஏற்றியபடியே, மாற்றுவதற்கு முன்பும் பின்பும் கூகுளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங் அனுப்பிப் பார்த்தால் பலன் தெரிந்துவிடும்.